உறைதல் நின்றால் அச்சம் நின்றதாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளைத்தண்டு சேதமடைந்த எலிகள் பயமற்றவை ஆகிவிடுவதாகத் தங்கள் ஞாயிறு பதிப்புக் கட்டுரை கூறியது மனத்தை உறுத்தியது. ஒலியைத் தொடர்ந்து மின்னதிர்ச்சி வரும் என்று கற்றுக்கொண்ட எலி, அவ்வொலி கேட்டதும் மூச்சைத் தவிர வேறு அசைவின்றி உறைந்துவிடும். மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளையில், மூளைநீர் செல்லும் குழாயைச் சூழ்ந்த சாம்பல்நிறப் பகுதியைச் சிதைத்தால் அவ்வுறைதல் பெரிதும் குறைகிறது. ஆனால், நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூ குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய எலிகளுக்கும் ஒலி கேட்டதும் இரத்த அழுத்தம் ஏறவே செய்தது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதி சிதைந்த எலிகளிலோ, உறைதல் நீடித்தது. அழுத்த உயர்வுதான் தடைப்பட்டது. ஆக, உறைதல் இல்லை என்பதாலேயே அச்சம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதற்ற நோயுள்ள என் தங்கையும் ஃபெரி படகுக் கூட்டத்தில் முகம் மாறாமல் நிற்பாள். கையைப் பிடித்தால்தான் நாடி துடிப்பது தெரியும். கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு