மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே,

நிலாவெளி, உப்புவெளி, மூதூர், கிண்ணியா என்று திருகோணமலைக் கரையெங்கும் சங்கங்களை நடத்துகிற உங்களிடம், ஓய்வுபெற்ற தாதியான நான் கேட்பது ஒன்றுதான். மாதக் கூட்டத்தன்று உறுப்பினர்களுக்கு பிரஷர் பார்த்து, எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

கிளினிக் காலையில் நடக்கிறது. வள்ளம் கரைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். ஒருநாள் எப்படியோ போனாலும், 134க்கு 86 என்று வந்தால் "பயமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். எண்ணும் அன்றோடு மறந்துபோகும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

120க்கு 80இற்குக் கீழே நல்லது; 140க்கு 90ஐத் தொட்டால் நோய். இடையில் இருப்பவர்களைத்தான் நாம் கைவிடுகிறோம். அமெரிக்க மருத்துவர்கள் 2017இல் 130க்கு 80இலிருந்தே நோய் என்று வகுத்தார்கள். நோய்க்கான எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுமார் 10 இலட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002இல் வெளியான ஆய்வின்படி, 40 முதல் 69 வயதுவரை, 115க்கு 75இலிருந்தே, மேல் எண் (முதலில் சொல்வது) 20 கூடினால் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வலியோ மயக்கமோ இராது. உள்ளே இரத்தக்குழாய் விறைக்கும், இதயத் தசை தடிக்கும், சிறுநீரகம் தேயும்.

இடைப்பட்ட இந்த நிலையில் பலருக்கு மாத்திரை தேவைப்படாது. நீரிழிவோ சிறுநீரக நோயோ இருந்தால் மருத்துவர் முடிவு செய்வார். உப்பைக் குறைத்தாலே எண் இறங்கும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, போதும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கலாம். அன்றைக்கு ஊறுகாய் வேண்டாம்.

அளப்பதில் கவனம் வேண்டும். வலை இழுத்துவிட்டு, தேநீரும் பீடியும் முடித்த கையோடு அளந்தால் எண் பொய் சொல்லும். அரை மணி நேரம் விட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பிரஷர் கருவியின் பட்டியைச் சுற்றாதீர்கள். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க, இருமுறை அளவிடுங்கள்.

பல நாட்கள் 140க்கு 90ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, எண்களை எழுதிய கொப்பியோடு கிளினிக்குக்கு அனுப்புங்கள். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை சோர்ந்தால் அந்த நொடியே ஆஸ்பத்திரிக்கு.

கருவாடு காயவைக்கும் பெண்களையும் அன்று கூப்பிடுங்கள். அவர்களுக்கு யாரும் அளந்து பார்ப்பதே இல்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி, திருகோணமலை