பாத்திரம் விற்றால் போதாது, ஈயத்துக்கும் வழி செய்யுங்கள்

கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரக் கடை முதலாளிகளுக்கும், அவர்களுக்குச் சரக்கு செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்காரி. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாதம் வெண்கலப் பானையில்தான் வேகிறது. பருப்பும் சாம்பாரும் ஈயம் பூசிய பித்தளைக் குண்டானில். ஈயம் என்று நான் சொல்வது வெள்ளீயத்தை, அதாவது டின்னை. கும்பேஸ்வரர் கோயில் பக்கம் வந்தால் உங்கள் கடைகளில் ஒன்றிலாவது நுழையாமல் நான் பஸ் ஏறுவதில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் வியாபாரம் மறுபடி சூடு பிடித்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எவர்சில்வர் வந்த காலத்தில் எங்கள் தெருவில் எத்தனை அண்டா, எத்தனை ஜோடுதவலை, எத்தனை அடுக்கு எடைக்குப் போயின! இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வந்து, அதே குண்டானையும் உருளியையும் தேடி வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் சரியான பதில் கிடைப்பதில்லை. உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா? தேய்ந்து போனால் எங்கே போய்ப் பூசுவது?

என் நாத்தனார் மகள் திருச்சியில் இருக்கிறாள். புதுமனைப் புகுவிழாவுக்குப் பித்தளைச் சட்டி வாங்கினாள். ஈயம் வேண்டாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய காலம், அப்படியே சமைக்கலாம், உடம்புக்கு நல்லது" என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்தக் கடை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. அவள் அதில் வத்தக்குழம்பு வைத்து, மிச்சத்தை ராத்திரி வரைக்கும் அதிலேயே விட்டுவிட்டாள். சட்டி ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அன்றைக்கு வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டன. இப்போது அந்தச் சட்டி வரவேற்பறையில் பூ மிதக்கவிடும் பாத்திரமாக இருக்கிறது. அந்தக் குடும்பம் இனிமேல் பித்தளையில் சமைக்குமா? ஒரு பொய்யான பதிலால் நீங்கள் எல்லோரும் ஒரு வாடிக்கையாளரை இழந்துவிட்டீர்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, தக்காளி, மோர், எலுமிச்சை எது பட்டாலும் இரண்டும் கரையும். இது நம் பாட்டிமாருக்குத் தெரியும். அதனால்தான் ரசம் ஈயச் சொம்புக்குப் போனது, புளிக்காய்ச்சல் கல்சட்டிக்குப் போனது. அரசாங்கத்துக்கும் தெரியும். சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் செய்த உணவைச் சாப்பிடத் தகுதியற்றதாகவே கருத வேண்டும் என்று 2011ஆம் ஆண்டிலேயே உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் எழுதினார்கள். அது ஓட்டல்காரர்களுக்கும் உணவு விற்பவர்களுக்கும் எழுதிய விதி. வீட்டில் சாப்பிடுகிற பிள்ளையின் வயிறு மட்டும் வேறா?

பித்தளையில் நீர் வைத்தால் கிருமி சாகும் என்று உங்களில் சிலர் அட்டை எழுதி வைத்திருக்கிறீர்கள். அது நிஜம்தான். இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் ராப் ரீட் என்ற நுண்ணுயிரியலாளரின் குழு 2005ல் அதைச் சோதித்துச் சொன்னது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் இரண்டு நாளில் காணாமல் போயின. ஆனால் அது குடத்துத் தண்ணீருக்குச் சொன்னது. அதைக் காட்டிச் சாம்பார் சட்டி விற்காதீர்கள்.

உண்மையான பெருமையைச் சொல்லுங்களேன், அதுவே போதும். வெப்பத்தைக் கடத்துவதில் பித்தளை எவர்சில்வரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு மேல். எவர்சில்வரில் தீ படுகிற இடம் மட்டும் கருகி, ஓரம் வேகாமல் கிடக்கும். பித்தளையில் சூடு சட்டி முழுக்கப் பரவும். சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்காமல் குழைவதும், கல்யாண வீட்டில் அண்டா நிறையப் பருப்பு ஒரே பதமாக வேகுவதும் அதனால்தான். அக்காரவடிசலுக்குப் பால் சுண்டச் சுண்டக் கிளறும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

இத்தனை நல்ல பாத்திரம் அடுப்பில் இருக்க வேண்டுமானால், உள்ளே அந்த வெள்ளைப் பூச்சு இருக்க வேண்டும். அதைப் பூசும் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், தை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும் நேரம் பார்த்து ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். புங்கமரத்தடியில் சின்னக் குழி வெட்டி, துருத்தி வைத்து, கரி மூட்டுவார். பாத்திரத்தை முதலில் மண் போட்டுத் தேய்த்துப் பழைய பூச்சையும் அழுக்கையும் எடுப்பார். அப்புறம் தணலில் காட்டி, நவச்சாரம் என்ற உப்புத் தூளைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகைதான் உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் கறையைத் தின்று இடத்தைச் சுத்தமாக்குகிறது. அந்த நொடியிலேயே ஈயத் துண்டை உள்ளே தொட்டு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்று சுற்றுவார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் கை தாமதிக்கக் கூடாது. சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும், கூடினால் கருத்துப் போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சட்டி உள்ளே வெள்ளியாக மாறும். தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் வேலை முடிந்தது. இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? நாள் முழுக்க அந்தப் புகையைக் குடித்துவிட்டு, சட்டிக்கு இவ்வளவா என்று எங்களைப் போன்றவர்கள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும். வெள்ளீயத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது.

விலை ஏறும்போதுதான் கலப்படம் வருகிறது. காரீயம், அதாவது லெட், மலிவு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளீயத்தில் அதைக் கலந்து பூசினால் குழம்போடு சேர்ந்து அது பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் அது. உடம்பில் இவ்வளவு இருக்கலாம் என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஈயச் சொம்பிலும் இதே ஆபத்து உண்டு. பூச்சில் மட்டும் இல்லை, பாத்திரத்திலேயே கூட இருக்கலாம். குழாய், வால்வு செய்யும் பித்தளையில் கடைசல் எளிதாக வருவதற்காகக் காரீயம் சேர்ப்பார்கள். அந்தப் பழைய குழாய்களை உருக்கி உருளி வார்த்தால் என்ன ஆகும்? பட்டறைக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். குத்துவிளக்குக்கு வார்க்கிற உலோகமும் குழம்புச் சட்டிக்கு வார்க்கிற உலோகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

2025ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், வெளிநாட்டிலிருந்து வந்த சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று எச்சரிக்கை விட்டது. அவற்றில் இந்தியாவில் செய்தவையும் இருந்தன. நாளைக்கு அந்தப் பட்டியலில் நம் டெல்டாவின் பெயர் வரக் கூடாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மண் இது.

சோதிப்பதற்கு வழி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. 2021லிருந்து தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம் ஆனது. நகையை உரசாமல், உருக்காமல், ஊடுகதிர் பாய்ச்சி மாற்றுப் பார்க்கும் இயந்திரம் இன்று நகைக்கடைத் தெருக்களில் சாதாரணம். அதே வகை இயந்திரத்தை அதற்கேற்ப அமைத்துவிட்டால் பித்தளையில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, காரீயம் உண்டா என்றும் சொல்லிவிடும். கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் செலவு பெரிதா? ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு பாத்திரத்தையாவது காட்டுங்கள். வந்த விவரத்தைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், ஈயம் பூசுகிறவர். ஊர் ஊராக அலைந்து பிழைக்க அவரால் இனி முடியாது. உங்கள் கடைகள் எல்லாமாகச் சேர்ந்து கும்பகோணத்தில் ஓர் இடம் பிடித்து, புகைபோக்கியோடு அடுப்பு போட்டு, மாதச் சம்பளத்துக்கு அவரை அமர்த்துங்கள். வெள்ளீயத்தை நீங்களே வாங்கி, சோதித்துக் கொடுங்கள். கலப்படப் பேச்சுக்கே இடமிருக்காது. அவரோடு இரண்டு இளைஞர்களையும் சேர்த்துவிடுங்கள். விற்கும் ஒவ்வொரு சட்டியோடும் மறுபூச்சுக்கு ஒரு சீட்டு கொடுத்தால், அந்த வாடிக்கையாளர் வருஷா வருஷம் உங்கள் கடைக்கே வருவார்.

விற்கும்போது ஒரு நிமிஷம் பேசவும் செய்யுங்கள். ஈயம் பூசியதை வெறும் சட்டியாகத் தீயில் வைக்கக் கூடாது, அதில் எண்ணெய் காய்ச்சித் தாளிக்கக் கூடாது, கம்பி நார் போட்டு உள்ளே தேய்க்கக் கூடாது, புளியும் சாம்பலும் வெளிப்பக்கத்துக்கு மட்டும். உள்ளே மஞ்சள் எட்டிப்பார்த்தால் அடுப்பில் ஏற்றாமல் பூசக் கொண்டுவர வேண்டும். மினுமினுப்பு போகாமலிருக்க லாக்கர் என்ற மெருகுப் பூச்சு அடித்த சரக்கைத் தனி அலமாரியில் வைத்து, அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் தெருப் பெண்களிடம் பேசிவிட்டேன். பரணில் கிடக்கும் குண்டான், தவலை, அண்டா எல்லாவற்றையும் இறக்கிவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். வேன் வைத்து நாங்களே கும்பகோணம் கொண்டுவந்து தருகிறோம். கூலியில் பேரம் பேச மாட்டோம். இடமும் நாளும் குறித்து நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டும், தைப் பொங்கலுக்கு முன்னால் என்றால் நல்லது.

இப்படிக்கு,
வலங்கைமான் பக்கத்திலிருந்து உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்