மூன்று ஆட்டம் எங்கே வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் எம்.எல்.எஸ். கால்பந்து லீக்கில் 2024ல் 74 புள்ளிகள் எடுத்து சாதனை படைத்தது இன்டர் மயாமி. லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே அதை வெளியேற்றியது, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான கிழக்குப் பிரிவில் 40 புள்ளியோடு ஒன்பதாவதாக ஒட்டிக்கொண்டு வந்த அட்லாண்டா அணி. அந்தச் சுற்றின் மூன்றாவது, கடைசி ஆட்டத்தில் மயாமியின் மெஸ்ஸி தலையால் முட்டி 2-2 ஆக்கினார். கொஞ்ச நேரத்தில் அட்லாண்டாவின் ஸ்லிஷும் தலையால் முட்டியே கதையை முடித்தார்.

முதல் சுற்றில் மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால் போதும். கோல் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை. 90 நிமிடத்தில் சமன் என்றால் நேரே பெனால்டி. அப்புறம் இறுதிவரை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஆட்டம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது; மூன்று ஆட்டம் முதல் சுற்றில் அல்ல, பின்னால் வரும் சுற்றுகளில்தான் வேண்டும். 34 ஆட்டம் ஆடிப் பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணியை முதல் சுற்று இல்லாமல் நேராகப் பிரிவின் அரையிறுதிக்கு அனுப்புங்கள்.

- ஒரு கால்பந்து ரசிகர்