வாத்தியார் போய்விட்டார்

நண்பர்களே, நம் வாத்தியார் நேற்று இரவு வீட்டிலேயே காலமானார். நான்கு வருட டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இருந்தும் மறுநாள் காலை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நமக்கு முன்பே வந்து நிற்பார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம் என்பதால் டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றிவிடுவார். 2011 தானே புயலுக்கு மறுநாள் அரிவாளோடு தெருத்தெருவாகப் போய், விழுந்த மரங்களை வெட்டி வழி செய்தவர். மஞ்சக்குப்பத்தில் பலருக்கு அவரை அப்படித்தான் தெரியும்.

இன்று சாயங்காலம் 4 மணிக்கு எடுக்கிறார்கள். மாலை வாங்க வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார் (இதிலும் கறார்தான்). அந்தப் பணத்தை டயாலிசிஸில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்குக் கொடுக்கலாம். குழுவில் கும்பிடும் கையை மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாமல் நேரில் வாருங்கள். வண்டி இல்லாதவர்கள் 3 மணிக்கு பீச் ரோடு டீக்கடைக்கு வந்தால் சேர்ந்து போய்விடலாம்.