மகேந்திரவாடி ஏரிக்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

நம்ம ஏரியின் கதையை ஒரு நோட்டு நிறைய எழுதி, போன வாரம் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். அட்டையில் என் பேர் மட்டும் இருப்பது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

காட்பாடியில் ரயிலேறி வந்து ஏரிக்கரைப் பாறைக் கோயிலின் கல்வெட்டைப் படித்துக் காட்டிய ஆசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. வெறும் கண்ணுக்குக் கல்தான் தெரிந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். பல்லவர் காலத்தில் வடமொழி எழுதிய பல்லவ கிரந்த எழுத்துகள் நிழல் கட்டி ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரே ஒரு வடமொழிச் செய்யுள். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து இந்தத் திருமால் கோயிலைக் குணபரன் செய்வித்தான் என்கிறது. குணபரன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். கோயில் எங்கே என்று சொல்ல ஏரியைத்தான் அடையாளம் காட்டியிருக்கிறார்கள்! சுமார் 1400 வருஷத்துக்கு முன்னால். சின்ன வயசிலிருந்து மாடு குளிப்பாட்டிய ஏரி. ‘தடாக’ என்ற எழுத்தை அவர் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்வெட்டில் இல்லாததைச் சொன்னவர் நம்ம நீர்க்கட்டித் தாத்தா, அதாவது ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குத் திறந்துவிடும் வேலை பார்த்தவர். வாலாஜா பக்கம் பாலாற்றில் 1858-இல் கட்டிய அணைக்கட்டிலிருந்து நமக்குக் கால்வாய் வருகிறது. காவேரிப்பாக்கம் ஏரிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் நம்ம கழனிக்கு வாழ்வு. தாத்தா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கரையில் ஏறினார். “கால்ல ஈரம் பட்டாத்தான்பா எங்க கசியுதுன்னு தெரியும்” என்றார். மழை ராத்திரிகளில் லாந்தரும் மண்வெட்டியுமாக இந்தக் கரையைச் சுற்றிய மனுஷர் அவர். மன்னன் பேர் கல்லில் இருக்கிறது. கரையைக் காத்தவர்கள் பேர் எங்கேயும் இல்லை. தாத்தா சொன்ன பேர்களை எல்லாம் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

பழைய பத்திரங்களை நம்பிக் கொடுத்த பெரியம்மாக்களுக்கும் நன்றி. வடஆர்க்காடு, வேலூர், 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை என்று மாவட்டப் பேர் மாறி மாறி வந்ததில் நான் குழம்பியபோது, பொறுமையாக வரிசைப்படுத்தித் தட்டச்சு செய்து தந்த தங்கச்சிக்கும்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார். அனுப்பி வையுங்கள். செருப்பு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை