வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. புத்தகக் காட்சிக்கு வேனில் போய்வந்தோம். நூலக அலமாரிக்குக் கறையான் மருந்து அடிக்கப்பட்டது.

இனி, ‘செயலாளரின் சொந்த ஆசை’ என்று சிலர் சொல்லிவரும் தொடர் வாசிப்பு. அரசியல் நிர்ணய சபையில் 1946 முதல் 1949 வரை பழங்குடியினர் பற்றி நடந்த விவாதங்களை மாதம் ஒரு மாலை படித்தோம். முதல் மாலை, ஜெய்பால் சிங் முண்டாவின் 1946 டிசம்பர் 19 உரை. 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர் அவர். தன்னை ‘ஜங்லி’, அதாவது காட்டுவாசி, என்றே சொல்லிக்கொண்டு, பழங்குடியினருக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்றுத்தர முடியாது, அவர்களிடம்தான் கற்க வேண்டும் என்றார். மின்சாரம் போய்விட, கைபேசி வெளிச்சத்தில் படித்தோம். முப்பது பேருக்குத் தேநீர் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் ஆறு பேர். 1948இல் மதுவிலக்குப் பிரிவை எதிர்த்து, அரிசி மது இல்லாமல் சந்தால் பழங்குடியினரால் நாற்று நட முடியாது என்று அவர் வாதாடியதைப் படித்த மாலைக்கு மட்டும் நாற்காலி போதவில்லை.

பெயர் பற்றிய விவாதத்தைத் தனியே சொல்ல வேண்டும். ‘ஆதிவாசி’ என்றே எழுதுங்கள் என்றார் ஜெய்பால். அச்சொல்லுக்குச் சட்டப்படி வரையறை இல்லை, பட்டியலிட்டால்தான் யார் யார் என்று தெரியும் என்றார் அம்பேத்கர். நாமும் மலைஜாதியா, பழங்குடியா என்று மோதிக்கொண்டிருந்தோம். தேநீர் கொண்டுவந்த கல்வராயன் மலைக்காரர், “என் சாதிச் சான்றிதழில் எங்கள் பழங்குடியின் பெயர் ‘மலையாளி’ என்று இருக்கிறது சார். எங்கே காட்டினாலும், கேரளாவா என்கிறார்கள்” என்றார். அறை அடங்கிவிட்டது. அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்க வேண்டும். டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன், என் தவறு.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு ஒன்று: பழங்குடியினர் நிலம் கைமாறாமல் தடுக்க வழிசெய்யும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ்த் தமிழ்நாட்டில் ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. கல்வராயனும் கொல்லிமலையும் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். நகலெடுத்த செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அதில் பாதிப் பேர் அரிசி மது மாலைக்கு வந்திருந்தார்கள்.

இடம் தந்தவருக்கும், பொருளாளருக்கும், பாய் விரித்த இளைஞர்களுக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் எனக்கு வருத்தமில்லை. யாரும் முன்வராவிட்டால், அசாம் மலைகளுக்கான ஆறாம் அட்டவணை விவாதத்தைத் தொடங்குவேன். நகல்கள் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. வாங்க வரும்போது சந்தாவையும் கொண்டுவந்தால் இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியும்.