கானாடுகாத்தான் தம்பிக்கு: அந்தப் பழைய சர்வரை வாங்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஐயாவின் பர்மாக் கணக்குப் பேரேடுகள் எண்பதையும் ஸ்கேன் செய்து வைக்கப் போவதாகவும், அதற்காக ஒருவர் இன்டெல்லின் சர்வர் பிராசசரான ஜியான் இரண்டு பொருத்திய பழைய சர்வரைப் புது டெஸ்க்டாப்பின் விலைக்கே தர முன்வந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். "சர்வர் பிராசசர் என்றால் உயர்ந்ததுதானே அண்ணே, எடுத்துவிடலாமா?" என்றும் கேட்டிருந்தாய். எடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சர்வரிடம் இருக்கும் ஒரு குணம் உன் வேலைக்குக் கட்டாயம் வேண்டும். அதை வேறு வழியில் வாங்கிக்கொள்ளலாம். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் பழைய காகிதங்களோடு உட்கார்ந்திருக்கும் வேறு சிலருக்கும் இதே கேள்வி இருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஜியான் இ5-2680 வி4. 2016-இல் வந்த பிராசசர். ஒன்றுக்குப் பதினான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணிப்புப் பகுதி), இரண்டுக்கும் சேர்த்து இருபத்தெட்டு. இந்த எண்ணிக்கைதான் உன்னை மயக்கியிருக்கிறது. அதன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி துடிப்பு; மிஞ்சிப்போனால் 3.3. இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் டெஸ்க்டாப் பிராசசர் ரைசன் 5 7600-இல் ஆறே கோர்தான்; ஆனால் அது 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஒவ்வொரு துடிப்பிலும் பழையதைவிட அதிக வேலையையும் முடிக்கும். ஸ்கேனரிலிருந்து வரும் ஒரு பக்கத்தைத் திறப்பது, கோணலை நேராக்குவது, ஓரத்தை வெட்டுவது, டேலியில் ஒரு பதிவைத் தேடுவது ஆகிய மேசை வேலைகளெல்லாம் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தை நம்பியே நடக்கின்றன. மற்ற இருபத்தேழு கோரும் அப்போது சும்மா இருக்கும். அச்சிட்ட திருமண அழைப்புகளையும் வாழ்த்து மடல்களையும் நூற்றுக்கணக்கில் எழுத்துணரிக்கு (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு) கொடுக்கும்போது மட்டும் பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்பதால் கோர் எண்ணிக்கை உதவும். ஆனால் தமிழ் எண்களும் கூட்டெழுத்துகளும் கலந்த உங்கள் ஐயாவின் கையெழுத்தை எழுத்துணரி படித்துவிடும் என்று எதிர்பார்க்காதே. அதை உன்னைப்போல் ஒருவர் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

அந்தப் பிராசசரில் திரைக்கான கிராபிக்ஸ் கிடையாது, விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவும் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சத்தத்தைத்தான் சமாளிக்க முடியாது. ரேக்கில் செருகும் தட்டையான சர்வரின் சிறிய விசிறிகள் மிக வேகமாகச் சுழல்பவை. இரண்டாங்கட்டு அறையில் வைத்தாலும் அந்தக் கூவல் வளவு முழுவதும் கேட்கும், மதியம் அங்கே ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் படுத்திருக்கும் அப்பத்தாவுக்குத் தூக்கம் வராது. மின்சாரத்தையும் கணக்குப் பார். டெஸ்க்டாப்பைவிட நூறு வாட் கூடுதலாக இழுக்கும் கருவியை இரவும் பகலும் ஓடவிட்டால் மாதம் 72 யூனிட், நம் இரண்டு மாதக் கணக்கீட்டில் 144 யூனிட் கூடும். அது முழுவதும் வெப்பமாக அந்த அறைக்குள்ளேயே இறங்கும், சித்திரை மாதத்திலும்.

அப்படியானால் சர்வர் பிராசசர் யாருக்கு? ஒரே கருவியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்துக்கு, ஒரு கருவிக்குள் இருபது மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவருக்கு, டெராபைட் அளவில் ரேம் வேண்டியவருக்கு. 2022-இல் வந்த ஏஎம்டியின் ஈப்பிக் 9004 சர்வர் பிராசசர் வரிசையில் நினைவகத்துக்குப் பன்னிரண்டு தடங்களும், டிஸ்க்குகளையும் கார்டுகளையும் இணைக்க 128 பிசிஐ தடங்களும் உண்டு. டெஸ்க்டாப் ரைசனில் நினைவகத் தடம் இரண்டுதான். உன் தேவையைப் பார். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், அழுத்தாத கோப்பு சுமார் 46 எம்பி வரும். பேரேடு ஒன்றுக்கு முந்நூறு பக்கம் என்று வைத்தால் 14 ஜிபி. எண்பதுக்கும் சேர்த்து ஒரு டெராபைட்டைச் சற்றே தாண்டும். பெரிய பக்கங்களுக்காக இரட்டிப்பாக வைத்துக்கொண்டாலும் இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதியாக அடங்கிவிடும்.

இனி அந்த ஒரு குணத்துக்கு வருகிறேன். அதற்கு இசிசி நினைவகம், அதாவது தன் பிழையைத் தானே திருத்தும் ரேம், என்று பெயர். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் வீட்டுக் கணக்குகளை ஸ்கேன் செய்து, ஜேபெக் கோப்புகளாக்கி, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்துக் கொடுத்தேன். கருவி ஒருநாளும் நின்றதில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வந்ததில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு பக்கத்தைத் திறந்தேன். மேலே பிள்ளையார் சுழி தெளிவாக இருந்தது, 'சிவமயம்' இருந்தது, முதல் ஏழு வரிகளும் இருந்தன. எட்டாவது வரியின் நடுவிலிருந்து காகிதத்தின் பழுப்பு நிறம் ஊதாவாக மாறி, கீழே இருந்த அத்தனையும் துண்டுதுண்டாக இடம் பெயர்ந்து கிடந்தது. கடன் வாங்கியவர் பெயர் இருக்கிறது, தொகை இல்லை. தேடியதில் அதுபோல் பதினொரு பக்கங்கள் கிடைத்தன. இரண்டாவது டிஸ்க்கில் இருந்த பிரதிகளும் அதே இடத்தில் கெட்டிருந்தன, ஏனென்றால் கெட்ட பிறகுதான் அவை நகலெடுக்கப்பட்டிருந்தன. மூலப் பேரேட்டைத் தேடிப் போனால், அந்தப் பக்கங்கள் மடிப்போடு முறிந்து தூளாகியிருந்தன. ரேம் துண்டு ஒன்று பழுது என்பதை அதன் பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்த வீட்டு ஆச்சி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நடந்தது இதுதான். ரேமில் இருக்கும் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) சிறு மின்னூட்டமாகவே தங்குகிறது. துகள் கதிர்வீச்சாலோ, பலவீனமான செல்லாலோ அது எப்போதாவது புரண்டுவிடும். அழுத்தப்பட்ட ஜேபெக் கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அதற்குப் பின்வரும் படம் முழுவதும் தவறாக விரியலாம். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் எட்டு சதவீதத்துக்கும் அதிகமான ரேம் துண்டுகளில் பிழை பதிவாகியிருந்தது. இசிசி நினைவகத்தில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் எட்டுச் சரிபார்ப்புப் பிட்டுகள் கூடுதலாக எழுதப்படும். ஒரு பிட் புரண்டால் அது தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் தவறு என்று அறிவித்துவிடும். பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கணிதம்தான் இதற்கு அடித்தளம். உங்கள் ஐயாவின் பேரேட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே ஏற்றி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். நடுவில் ஓர் எண் பிசகினால் அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். அதே வேலையை இங்கே சிப்புகள் செய்கின்றன. ரைசன் 7600 போன்றவற்றுக்கான டிடிஆர்5 வகை ரேம் எல்லாவற்றிலும் இசிசி உண்டு என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம், சிப்புக்கும் பிராசசருக்கும் இடையிலான வழியைக் காக்காது.

இந்தக் காப்பு நெடுங்காலமாகச் சர்வர் பெயரோடு ஒட்டியே விற்கப்பட்டது. இப்போது அப்படியில்லை. ஏஎம்டி 2024-இல் வெளியிட்ட ஈப்பிக் 4004 வரிசை, டெஸ்க்டாப் ரைசன் உட்காரும் அதே ஏஎம்5 சாக்கெட்டில்தான் உட்காருகிறது. ரைசன் 7600 போன்றவற்றிலும் மதர்போர்டு ஒத்துழைத்தால் இசிசி வேலை செய்யும். எல்லா போர்டும் ஒத்துழைக்காது என்பதால், விவரக் குறிப்பில் இசிசி என்ற சொல்லைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதே. பழைய ஏஎம்4 சாக்கெட் வகையில் ரைசன் 5600ஜி-யில் இசிசி கிடையாது. ப்ரோ என்ற பெயரோடு வருவதில் உண்டு. இன்டெல் பக்கம் போனால் டபிள்யூ680 போன்ற சிப்செட் உள்ள போர்டு வேண்டும், அது விலை கூட. ரேம் வாங்கும்போது 'பஃபர் இல்லாத இசிசி' என்று கேட்டு வாங்கு. அந்தச் சர்வரிலிருந்து கழற்றிய ரேம் 'ரெஜிஸ்டர்டு' வகை; மலிவாகக் கிடைத்தாலும் டெஸ்க்டாப் போர்டில் ஓடாது.

ஆகவே ரைசன் 7600, இசிசி ஏற்கும் போர்டு, 32 ஜிபி இசிசி ரேம், இரண்டு டிஸ்க், நல்ல யூபிஎஸ் என்று வாங்கு. ஸ்கேன் செய்யும் மேசைக்கும் சேமிப்புக்கும் இந்த ஒரே கருவி போதும். அந்தச் சர்வரின் விலையைவிடக் கூடத்தான் ஆகும். அந்தக் கூடுதலை ஸ்கேனரின் தரத்தில் குறைத்துக்கொள்ளாமல், வேண்டுமானால் இரண்டு மாதம் பொறுத்து வாங்கு. பேரேடுகள் இத்தனை காலம் பெட்டகத்தில் இருந்தவைதானே.

கருவி வந்ததும் முதல் பேரேட்டை எடுக்குமுன் ஓர் இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிடு. பிறகு லினக்ஸ் இயங்குதளத்தில் டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளை கொடுத்துப் பார். ரேமின் மொத்த அகலம் தரவு அகலத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால் கூடுதல் பிட்டுகள் ரேமில் இருக்கின்றன என்று பொருள். திருத்தம் உண்மையில் நடக்கிறதா என்பதை லினக்ஸின் பிழைப் பதிவில்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு திரைகளையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு முதல் பக்கத்தை ஸ்கேனரில் வை.

அன்புடன்,
காரைக்குடி அண்ணன்